நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

மார்ச் 4

வாலு,

எட்டு வருடம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் நன்றி. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

விலாசம் கொடுத்தது மாப்பிள்ளைதான். புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க இங்கே டிப்போவுக்கு வந்திருந்தாராம். பஸ் நிலையத்தில் அவர்தான் என்னை முதலில் பார்த்தார். பார்க்காத மாதிரிப் போயிருக்கலாம், போகவில்லை. போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நாம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். தாளில் எழுதினால் கோபம் தபால் பெட்டிக்குள் இரண்டு நாள் கிடந்து கொஞ்சம் ஆறும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாவல் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. பதிப்பாளர் புதுப் பதிப்பு போடுகிறார், அதற்கு ஒரு முன்னுரை கேட்கிறார். எதைப் பற்றித் தெரியுமா? அப்பா இறக்கும் காட்சியை நான் எழுதாமல் விட்டதைப் பற்றி. பதினோராவது அத்தியாயத்தில் அப்பா படுத்திருக்கிறார். பன்னிரண்டாவதில் அவருடைய செருப்பை யாரோ எடுத்து ஓரமாக வைக்கிறார்கள். நடுவில் ஒன்றும் இல்லை. 'அந்த மௌனம் உங்களுக்கு எப்படி வாய்த்தது, சார்? வாசகர்கள் அதைத்தானே இன்னும் பேசுகிறார்கள்' என்கிறார்.

எப்படி வாய்த்தது என்று உனக்குத் தெரியும். பதினொரு பக்கம் எழுதினேன். டைப் அடிக்க எடுத்துப் போன வழியில் நீ அதை பஸ்ஸில் தொலைத்தாய். திரும்ப எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அச்சகம் காத்துக்கொண்டிருந்தது. ஓட்டையோடு புத்தகம் போனது, ஓட்டைக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் ஏறி, 'வேண்டுமென்றேதான் விட்டேன்' என்று சொன்னவன் நான். நீ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய்.

முன்னுரையில் உண்மையை எழுதிவிடலாமா என்று பார்க்கிறேன். அதற்காகத்தான் கேட்கிறேன். எந்த பஸ்? எப்படித் தொலைந்தது? அன்றைக்கு நான் கத்திய கத்தலில் நீ எதையும் சொல்லவே இல்லை.

இரண்டாவது நாவல் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது. மூன்று வருடமாக அதே பக்கம். ஜூன் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடுவார்களாம். அதையும் சொல்லிவைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

அண்ணன்


மார்ச் 11

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் அதை ஒட்டிப் படிக்கிற வேலையும் எனக்கேதான் வந்திருக்கும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை உன் கடிதம் லாவகமாகத் தாண்டிப் போகிறது. உனக்கு மறந்திருக்கலாம். புது நாவலின் முதல் கத்தையை வாங்கிக்கொள்ள நான் வந்தேன். கூடத்தில் பதிப்பாளரும் அவர் மனைவியும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். கை நீட்டினேன். நீ தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "எதுக்கு? தொலைக்கிறதுக்கா?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்கூட, பாவம், விஷயம் தெரியாமல் சிரித்தார். நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம், அண்ணா. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போன பிறகு ஆபீஸ் டைப்ரைட்டரில் உன் நாவலை அடித்தேன். டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்த நாட்கள் உண்டு. புத்தகத்தின் முதல் பக்கத்தில் நீ நன்றி சொன்னவர்கள் பட்டியலில் உன் பேனாவை ரிப்பேர் செய்து கொடுத்தவர்கூட இருந்தார். நான் இல்லை.

எந்த பஸ் என்று நினைவில்லை. முன்னுரையில் என்னை இழுக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 16

வாலு,

மறக்கவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோதே தப்பு என்று தெரிந்தது. எல்லாரும் சிரித்ததும் நான் சொன்னது வேடிக்கைதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நன்றிப் பட்டியலுக்கு வருகிறேன். பேனா ரிப்பேர்க்காரர் அன்று நேரில் வந்து நின்றார், அவர் பெயர் ஞாபகம் வந்தது. நீ தினமும் இருந்தாய், அதனால் ஞாபகம் வரவில்லை. கேட்பதற்கு எவ்வளவு கேவலமாக இருக்கிறதோ, எழுதுவதற்கும் அவ்வளவு கேவலமாகவே இருக்கிறது.

பஸ் விஷயத்தை விடு. என் நிலைமையைச் சொல்கிறேன், நீ சிரித்தாலும் சரி.

காலை ஏழு மணிக்கு மாடி அறைக்குப் போகிறேன். அதே அறை, அதே நாற்காலி. ஜன்னலுக்கு எதிரே இருந்த காலி மனையில் கிடங்கு கட்டிவிட்டார்கள். இப்போது ஜன்னலைத் திறந்தால் பூசாத சுவர்தான் தெரியும், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். உட்கார்ந்து நாவலை முதல் பக்கத்திலிருந்து நகல் எடுக்கிறேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். எழுதியதைக் கையால் திரும்ப ஒரு தடவை எழுதினால்தான் அடுத்த வரி எனக்கு வரும். பதினைந்து பக்கம் இருந்தபோது பதினோரு மணிக்குள் நகல் முடிந்து, அதற்குப் பிறகு புதிதாக ஒன்றிரண்டு பக்கம் ஓடியது. இப்போது திங்கட்கிழமை காலை முதல் பக்கம் என்றால் நூற்று நாற்பத்து மூன்றை எட்டச் சனிக்கிழமை சாயங்காலம் ஆகிறது. அதற்குள் விரல் மடங்காது. ஞாயிற்றுக்கிழமை கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திங்கட்கிழமை அந்தத் தாளம் மனதை விட்டுப் போயிருக்கும். மறுபடி முதல் பக்கம்.

மூன்று வருடம். நூற்று ஐம்பது தடவைக்குக் குறையாமல் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாறும். போன வாரம் அறுபத்திரண்டாம் பக்கத்தில் 'மெதுவாக' என்பதை எடுத்தேன். இந்த வாரம் திரும்பப் போட்டேன். அலமாரி நிறைய நகல். கட்டிலுக்கு அடியிலும் நகல். தாள் கடைக்காரர் நேற்று, "சார், வருஷத்துக்கு மூணு நாவல் எழுதறீங்க போல, உங்க கையை எனக்குக் கொடுங்க" என்றார். நான் அடக்கமாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

நாற்காலி இன்னும் கிறீச்சிடுகிறது. எழுதும்போது மட்டும்தான், சும்மா உட்கார்ந்திருந்தால் சத்தம் வராது. அப்பா கீழே படுத்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவாரே, "பெரியவனே, நின்னுடுச்சா?" என்று. இப்போது இருந்தால் ஏமாந்துபோவார். நாள் முழுக்கச் சத்தம் கேட்கிறது, ஒரு வரிகூட நகரவில்லை.

நான் ஒரே ஒரு புத்தகம் எழுதப் பிறந்தவனோ, அதிலும் பேசப்பட்ட இடம் நான் எழுதாத இடமோ என்று தோன்றுகிறது. இப்படி ஒருவனுக்கு என்ன பெயர்? வீட்டை விட்டு வேறு எங்காவது போய் எழுது என்கிறார்கள். ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். திரும்பி வந்து நகல் எடுத்தேன்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணாவுக்கு,

சிரித்தேன். தாள் கடைக்காரர் இடத்தில். பிறகு சிரிப்பு வரவில்லை.

நான் இப்போது பழைய பதிவேட்டு அறைக்குப் பொறுப்பு. ஜன்னலே கிடையாது. காலையில் பூட்டைத் திறந்து உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியில் மழையா வெயிலா என்று தெரியும். ஆகையால் பூசாத சுவரைப் பற்றி என்னிடம் பெருமை அடிக்காதே. எனக்கு அந்தச் சுவரும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். முதல் நாவலும் இப்படி நகல் எடுத்துத்தான் வந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயா? யோசித்துப் பார். தினமும் காலை எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான் உன் மேஜையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். நீ அடித்துக்கொள்வாய், "இரு, இன்னும் ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்று. நான் இருக்க மாட்டேன், பஸ் போய்விடும். கடைசிப் பக்கத்தை மட்டும் உனக்காக விட்டுவிட்டுப் போவேன். நாள் முழுக்க உன்னிடம் இருந்தது அந்த ஒரு பக்கம்தான். அதை நகல் எடுப்பாய், அடுத்த வரி வரும், மேலே போவாய். திரும்பிப் போக உன்னிடம் தாள் இல்லை, அண்ணா. அவ்வளவுதான் ரகசியம்.

அப்பா அப்போதே சொன்னார், "அவ பஸ்ஸுக்குப் போறதாலதான் இவன் கதை நகருது" என்று. நீ மாடியில் இருந்தாய்.

அனுப்பு. மொத்தக் கட்டையும் எனக்கு அனுப்பு. நகல் ஒன்றுகூட வைத்துக்கொள்ளக் கூடாது. அலமாரி, கட்டிலுக்கு அடி, எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போடு. கடைசிப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள். நான் டைப் அடிக்கிறேன். உன் மேல் கோபம் தீரவில்லை. இது வேறு, அது வேறு.

அந்தக் கடைசிப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது?

உன் தங்கை


ஏப்ரல் 9

வாலு,

இரண்டு வாரம் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது தடவை படித்தபோது உன் மேல் கோபம் வந்தது, ஆறாவது தடவை என் மேல்.

பழைய பேப்பர்க்காரர் மூன்று நடை வந்தார். மூட்டை கட்டும்போது ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கே சார்?" என்றார். "ஆமா" என்றேன். "அச்சுல போட்டா ஒரே தடவைல வந்திருக்குமே" என்றார். அவரை உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன்.

பார்சலை இன்று தபால் நிலையத்தில் கொடுத்தேன். நூற்று நாற்பத்திரண்டு பக்கம், உலகத்தில் இருக்கிற ஒரே பிரதி. கவுன்டரில் இருந்த அம்மா உள்ளே என்ன என்று கேட்டார். நாவல் என்று சொல்ல வாய் வரவில்லை. "தாள்" என்றேன்.

கடைசிப் பக்கத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒருவன் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறான். படிக்கட்டில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்கிறது. அங்கே நிற்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 12

வாலு,

திருப்பி அனுப்பு. முட்டாள்தனம் செய்துவிட்டேன்.

மூன்று நாளாக மேஜையில் ஒரே ஒரு தாள். அதைப் பார்க்க முடியவில்லை. இருபதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் தப்பாக இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். முப்பத்தொன்றில் ஒரு பெயர் மாறியிருக்கிறதோ என்று சந்தேகம். திருத்திவிட்டு ஒரே வாரத்தில் மறுபடி அனுப்பிவிடுகிறேன், சத்தியமாக. நேற்று பழைய பேப்பர் கடைக்கே போய்விட்டேன். எல்லாம் லாரியில் போய்விட்டதாம். கடைக்காரர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

இந்தத் தாளோடு அறையில் இருக்க முடியவில்லை. கதவு சாத்தியிருந்தாலும் மூச்சு முட்டுகிறது, திறந்திருந்தாலும் முட்டுகிறது. உடனே அனுப்பு, பதிவுத் தபாலில். தயவுசெய்து இதையும் பஸ்ஸில் எங்காவது விட்டுத் தொலைத்துவிடாதே.


ஏப்ரல் 20

அண்ணா,

தர மாட்டேன்.

படித்துவிட்டேன். உனக்கு நான் பொய் சொல்லப் போவதில்லை. முதல் நூறு பக்கம் துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணி மாதிரி இருக்கிறது. எந்த வாக்கியத்திலும் தப்பு இல்லை, எந்த வாக்கியத்திலும் ஆள் இல்லை. நாற்பதாம் பக்கத்தில் டிக்கெட் கவுன்டரில் ஒருவர் வரிசையில் நிற்பவர்களோடு சண்டை போடுகிறாரே, அங்கே மட்டும் சிரித்தேன். அது அப்பா. அவரைத் துவைத்து உன்னால் வெளுக்க முடியவில்லை. நூற்று முப்பதுக்கு மேல் உன் கை நடுங்குவது தெரிகிறது, அங்கே நன்றாக இருக்கிறது.

உன் கடைசி வரிக்கு வருகிறேன். 'இதையும்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையோடு பதிமூன்று வருடம் குடித்தனம் நடத்தியாகிவிட்டது. போதும்.

பஸ்ஸில் எதுவும் தொலையவில்லை.

அந்தப் பதினொரு பக்கமும் என்னிடம்தான் இருக்கிறது. ஆபீஸ் மேஜையில், கீழ் இழுப்பறையில். மேஜை மாறும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொண்டேன். அன்று மதியம் டைப் அடிக்க உட்கார்ந்தேன். நான்காவது வரிக்கு மேல் விரல் போகவில்லை. மீதியைக் கையில் எடுத்துப் படித்தேன். மகன் மாடியிலிருந்து ஓடி வருகிறான். அப்பாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறான். அப்பா, 'உன் புத்தகம் நிற்கக் கூடாது' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார். தங்கை என்று ஒருத்தி கதவோரமாக நின்று அழுகிறாள்.

அன்று மடி என்னுடையது, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. உன் புத்தகத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "ஃபேனைக் குறைம்மா" என்றார். எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, திரும்பவும் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மணி நேரம் கழித்து நீ இறங்கி வந்தாய், விரலில் மை காயாமல் இருந்தது.

நீ வராமல் போனதற்காக நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. அது இப்போது வேண்டாம். ஆனால் வந்ததாக நீ எழுதியதை என் கையால் அடிக்க முடியவில்லை. தொலைத்துவிட்டேன் என்று சொன்னேன். நீ கத்தினாய். கத்தட்டும் என்று நின்றேன்.

நூற்று நாற்பத்து மூன்றில் படிக்கட்டில் ஏறி வருவது யார் என்று உனக்குத் தெரியும். மூன்று வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சத்தம் கேட்டதும் நீ முதல் பக்கத்துக்கு ஓடுகிறாய்.

கட்டு என்னிடமே இருக்கும்.

உன் தங்கை


மே 18

வாலு,

முதலில் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதில் இருந்ததையெல்லாம் உனக்குச் சொல்ல மாட்டேன். 'என் பக்கத்தை நிறுத்த நீ யார்' என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையான வரி. பஸ் ஏறி உன் ஆபீஸுக்கே வந்து இழுப்பறையை உடைத்து எடுக்கலாம் என்று டிக்கெட்கூட வாங்கினேன். அது இன்னும் மேஜையில் கிடக்கிறது.

ஒரு மாதமாக மாடிக்குப் போகவில்லை. கீழே அப்பா படுத்திருந்த அறையில் படுத்துக்கொள்கிறேன். அங்கே படுத்தால் நாற்காலிச் சத்தம் மட்டுமில்லை, மாடியில் நடப்பது எல்லாம் கேட்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. மேலே பல்லி ஓடினால்கூடக் கேட்கிறது. அவர் என்னென்ன கேட்டுக்கொண்டு கிடந்திருப்பார்.

அந்தப் பதினொரு பக்கமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழகாக எழுதியிருந்தேன். அதுதான் வெட்கம். பொய் சொல்லும்போது என் நடை நன்றாக இருக்கிறது. தொலைந்ததும் திரும்ப எழுத முடியாமல் போனது கை மறந்ததால் இல்லை. ஒரு தடவை சொன்ன பொய்யை இரண்டாவது தடவை சொல்ல எனக்கே வாய் கூசியது. அந்தப் பக்கங்கள் இருந்திருந்தால் அந்தப் புத்தகம் இந்நேரம் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. நீதான் அதைக் காப்பாற்றினாய். இதை எழுத எனக்கு எவ்வளவு நாள் ஆனது என்று தேதியைப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று கேள், இதற்கு நீ சிரித்தே ஆகவேண்டும். முன்னுரையை எழுதி அனுப்பினேன். மூன்றே வரி. 'அந்த மௌனம் என் முடிவு இல்லை. அங்கே நான் பதினொரு பக்கம் பொய் எழுதியிருந்தேன். என் தங்கை அதை அச்சுக்குப் போக விடவில்லை.' மறுநாளே பதிப்பாளர் போன் செய்தார். "சார், என்ன ஒரு தன்னடக்கம்! தங்கைங்கிறது மனசாட்சிதானே சார்? படிச்சதும் புரிஞ்சுடுச்சு" என்றார். இல்லை, நிஜமாகவே எனக்குத் தங்கை இருக்கிறாள், பதிவேட்டு அறையில் வேலை பார்க்கிறாள் என்றேன். அதைக் கேட்டு இன்னும் சிலிர்த்துப்போனார். உண்மையைச் சொன்னாலும் என்னை வெளியே விட மாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் கடைசிக்குள் முடியாது என்றும் அவரிடம் சொல்லிவிட்டேன். ரத்து செய்தால் செய்யட்டும். நான் பெரிய எழுத்தாளன் இல்லை, வாலு. ஐம்பத்தாறு வயதில் இதைச் சொல்லிப் பார்த்தேன். கூரை இடிந்து விழவில்லை. கீழ் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து குறைத்தேன்.

நாளைக்கு மாடிக்குப் போகிறேன்.

அண்ணன்


ஜூன் 10

வாலு,

இதோடு நூற்று நாற்பத்து நான்காம் பக்கம் இருக்கிறது. நான் வைத்திருந்த நூற்று நாற்பத்து மூன்றையும் அனுப்புகிறேன். நீ கடைசிப் பக்கத்தை வைத்துக்கொள்ளச் சொன்னாய். இந்த ஒரு தடவை முடியாது. வைத்துக்கொண்டால் அறுபத்திரண்டாம் பக்கத்து 'மெதுவாக' மாதிரி இதிலும் ஒரு வார்த்தையை எடுப்பதும் போடுவதுமாக ஆரம்பித்துவிடுவேன். நடை நன்றாக இல்லை. எழுதி ஒரு வாரம் ஆகிறது, திருத்தவில்லை, கை துறுதுறு என்கிறது.

படித்துவிட்டுச் சரியா என்று மட்டும் சொல். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை.

அண்ணன்


144

வந்தது தங்கைதான். கதவைத் தட்டினாள்.

"அண்ணா, அப்பா கூப்பிடறாரு. வந்துட்டுப் போ."

அவன் திரும்பவில்லை. "இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வரேன்."

"என்னவோ மாதிரி இருக்காருண்ணா."

"அஞ்சே நிமிஷம்."

அவள் இறங்கிப் போனாள். அவன் அந்தப் பக்கத்தை முடித்தான். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் எழுத்து நன்றாக வந்துகொண்டிருந்தது. அதனால் அடுத்த பக்கத்தையும் எழுதினான். யாரும் மறுபடி கூப்பிடவில்லை. அப்படியானால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டான்.


ஜூன் 19

அண்ணா,

வந்து சேர்ந்தது. இன்று காலை பஸ்ஸில் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கூட்டம் அதிகம். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே நின்றேன். மதியம் அடித்து முடித்தேன். தொலைக்கவில்லை.

சரியா என்று கேட்டிருக்கிறாய். ஒரே ஒரு இடம் சரியில்லை.

நான் இரண்டு தடவை வந்தேன்.

முதல் தடவை நீ எழுதியிருப்பது போலத்தான், வார்த்தை மாறாமல். இரண்டாவது தடவை அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு வந்தேன். மேல் படி வரைக்கும் ஏறிவிட்டேன். தட்டக் கையையும் தூக்கிவிட்டேன். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் இருபது நாளாக அந்தச் சத்தமே இல்லை, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார், "நின்னுடுச்சா, நின்னுடுச்சா" என்று. எழுதுகிறான், கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது கெடுத்தால் இன்னும் எத்தனை நாள் அந்த நாற்காலி சும்மா இருக்குமோ என்று பயம். தட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.

நீ வராததற்கு உன்னை நான் ஏன் கேட்கவில்லை என்பது இதுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட.

அந்தப் பதினொரு பக்கத்தில் நான்காவது வரிக்கு மேல் விரல் போகவில்லை என்று எழுதினேன். நான்காவது வரி என்ன என்று உனக்கு நினைவிருக்கும். 'தங்கை ஓடி வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.' நீ வந்ததாக எழுதிய பொய்யை ஒருவேளை அடித்திருப்பேன், அண்ணா. நான் தட்டிக்கொண்டே இருந்ததாக எழுதியிருந்தாய்.

145-ல் அதை எழுது. இரண்டாவது தடவை அவள் தட்டவில்லை என்று எழுது. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். எழுதியதும் அனுப்பு. இந்தத் தடவை கடைசிப் பக்கத்தை வைத்துக்கொள்.

அன்று மூன்று மணிக்கு நீ எழுதிக்கொண்டிருந்த இரண்டு பக்கத்தையும் அடுத்த வாரம் நான்தான் டைப் அடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அண்ணா. ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை.

வாலு